கட்டிலுக்கடியில் கணப்பு

கணப்புச் சட்டி இடம் மாறியிருந்தது.

பரசுராமன் பாயில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தான். படுக்கும் முன்பு அதைத் தூளிக்குப் பக்கத்தில்தான் வைத்தான், குழந்தையின் கால்மாட்டுக்கு நேரே, பொறி தெறித்தால் தூளிச் சேலையில் படாத தூரத்தில், ஆனால் வெதுவெதுப்பு போய்ச் சேரும் தூரத்தில். தினமும் அங்கேயே வைத்து வைத்துச் சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. இப்போது அந்த வட்டத்தில் ஒன்றும் இல்லை. சட்டி அறையின் எதிர்ப்பக்கம், கயிற்றுக் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக இருந்தது. விடியற்காலை வெளிச்சத்தில் உமிக் குவியலின் உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது.

அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை.

உமியைக் கிளறிவிட ராத்திரியில் பலமுறை எழுந்திருப்பான். ஏதோ ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் தானே தள்ளியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். எழுந்து, உத்தரத்தில் தொங்கிய தூளிக்குள் கையை விட்டான். குழந்தையின் பாதம் ஈரத்தரை போல் சில்லென்றிருந்தது. சட்டியை அவசரமாக இழுத்து வந்து வட்டத்தில் வைத்து, உள்ளங்கையைச் சூடாக்கி அந்தப் பாதத்தைப் பொத்திக்கொண்டு, அது வெதுவெதுப்பாகும் வரை நின்றான். அதற்கு நெடுநேரம் ஆயிற்று.

குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஐப்பசி மழையில், இதே அறையில், அந்தக் கட்டிலில். குழந்தை பிழைத்தது, குணசுந்தரி பிழைக்கவில்லை. பொன்னேரியிலிருந்து வந்த டாக்டர் குழந்தையைத் துணியோடு தூக்கிப் பார்த்துவிட்டு, "பால் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, குளிர் மட்டும் படக் கூடாது. எலும்பு மேல தோல்தான் இருக்கு, சூடு நிக்காது" என்றார். தை பிறந்ததும் திருவாலங்காட்டிலிருந்து மாமியார் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். அதற்கு முன் அவளால் நகர முடியாது. அதுவரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நெருப்பையும் குழந்தையையும். பரசுராமனுக்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை.

அரபு நாட்டுச் சண்டையால் எண்ணெய் எங்கும் கிடைக்காமல் போன வருஷம் அது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள் வெறும் டின்னோடு திரும்பினார்கள். கண்ணாடிக் குப்பி செய்யும் தொழிற்சாலையில் அவன் ரசாயனம் படித்த சூப்பர்வைசர். உலை எண்ணெய் இல்லாமல் ஓர் உலையை ஆறப்போட்டுவிட்டு, எல்லோருக்கும் பாதிச் சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள். சவுக்குக் கரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் உமி. சட்டியின் அடியில் இரண்டு கங்கு, அதன்மேல் கோபுரமாக உமி. காற்று படாமல் வைத்தால் விடியும் வரை உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். செங்கற்களை அதன் ஓரத்தில் சூடாக்கிப் பழைய வேட்டியில் சுற்றித் தூளிக்கடியில் அடுக்குவான். ஜன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் சாக்கைத் திணித்திருந்தான். கூரையில் ஓடு ஒன்றை மட்டும் விலக்கி வைத்திருந்தான். மூடிய அறையில் கனியும் நெருப்பு என்ன செய்யும் என்று அவன் படித்திருக்கிறான். அந்தத் திறப்பு வழியாகப் புகை போயிற்று, கூடவே சூடும் போயிற்று, பனி இறங்கிற்று. எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதிலேயே அவன் ராத்திரிகள் கழிந்தன.

மறுநாளும் சட்டி கட்டிலுக்கடியில் இருந்தது.

அதற்கு மறுநாளும்.

புதுவாயல் ரைஸ் மில்லில் சடையப்பன்தான் உமி அள்ளிக் கொடுப்பவன். பரசுராமன் சைக்கிளைச் சாத்தியதுமே சிரித்தான்.

"இன்னா சாரே, உமிய அள்ளித் துன்றியா? முந்தாநேத்துதானே ஒரு மூட்டை கட்டிக்கினு போனே."

"தீர்ந்துபோச்சு."

"அதெப்படிபா தீரும்? நிதானமா எரிஞ்சா ஒரு மூட்டை வாரம் தள்ளும். மோந்து பாத்தாலே தூக்கம் வர்ற நெருப்பு அது." சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு உமியைத் தள்ளியபடியே கேட்டான். "ஊட்டுல யாருனா வந்துகீறாங்களா? மாமியாரு?"

"இல்லை. நானும் குழந்தையும்தான்."

"ஒரு கைப்புள்ளைக்கு இம்மாம் நெருப்பா?" சடையப்பன் சாக்கைத் தைத்தான். "நீ படிச்சவன், கணக்குப் போட்டுப் பாரு. மூணு பேரு குளிர்காயற உமி இது."

பரசுராமன் சைக்கிளை நிமிர்த்தினான். மூட்டையைக் கேரியரில் கட்டினான். திரும்பும் வழியெல்லாம் நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல்களில் தண்ணீர் நின்றது; பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் உப்பும் சேறும் நாறின.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் வீட்டுக்காரி ஜானகியம்மாள். முன்கட்டில் அவள், பின்கட்டில் இவன். ஆஸ்துமாக்காரி. உமிப்புகை பட்டால் மூச்சு இழுக்கும், அவள் பக்கம் கணப்பு போட முடியாது. அதனால் பொழுது சாய்ந்ததும் குழந்தையைக் கொண்டுவந்து தூளியில் போட்டுவிட்டு, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பேசுவாள்.

"பகல்ல நல்லா கீது நைனா. பால் குடிக்குது, கை காலை ஆட்டுது. காலைல நீ குடுக்கும்போதுதான் சில்லுன்னு வெறைச்சிக்கினு கீது. ராத்திரில இன்னாதான் பண்றே?"

"கணப்பு போட்டுத்தான் வைக்கிறேன்."

"கணப்பு இன்னாத்துக்கு? மார்ல போட்டுக்கினு படு. மனுசச் சூடு மாதிரி வருமா?"

"தூக்கத்துல புரண்டுடுவேன்."

அது உண்மை இல்லை. அவன் புரண்டு படுப்பவன் அல்ல. குழந்தையைத் தூக்கினால் கைகளில் எதுவுமே தோன்றவில்லை, கனமோ மென்மையோ எதுவும். அதுதான் அவனால் தாங்க முடியாதது. ஜானகியம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள்.

"அத்த இன்னும் வெச்சிக்கினு கீறியே. காரியத்தன்னிக்கே சொன்னேன். புள்ள பெத்துச் செத்தவ படுத்த கட்டிலு, பாயி, ஒண்ணத்தையும் ஊட்டுல வெக்க மாட்டாங்க. சுடுகாட்டாண்ட போட்டுட்டு வந்துடணும். அத்த அடுப்புல கூட வெக்கக் கூடாது, ஆமா."

"வேப்பமரம். கல்யாணத்துக்கு வாங்கினது. வித்தா ஏதாவது வரும்."

"எவன் வாங்குவான் அத்த?" அவள் இருமிக்கொண்டே முன்கட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிரவு அவன் தூங்காமல் பார்த்திருப்பது என்று முடிவு செய்தான். சட்டியின் கழுத்தில் கம்பியைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முறுக்கினான். சுவரில் சாய்ந்து, போர்வையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மின்வெட்டு. வெளியே ஈரம் சொட்டும் சத்தமும், தூரத்தில் கல்கத்தா பக்கம் போகும் கூட்ஸ் வண்டி நெடுநேரம் தண்டவாளத்தை இழுத்துக்கொண்டு போகும் சத்தமும், தூளிக்குள் குழந்தையின் பஞ்சு போன்ற மூச்சும் கேட்டன. உமியின் கசந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது, அவனுக்குப் பழக்கமான வாசனை, எங்கே என்று பிடிபடாதது. பூண்டு, பெருங்காயம், வேப்பெண்ணெய், அவற்றுக்கும் அடியில் இரும்பு போல ஒன்று. பிரசவ அறையின் வாசனை. அதைத்தான் தரையோடு தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

கட்டிலின் கயிறு முனகிற்று.

காற்றில் அசைந்திருக்கும். ஆனால் காற்று வராமல் இருக்கத்தானே எல்லா இடுக்கையும் அடைத்திருக்கிறான்? கங்கின் மங்கலான சிவப்பில் கட்டிலின் அடிப்பக்கம் தெரிந்தது. கயிற்றுப் பின்னல் நடுவில் தாழ்ந்திருந்தது. இரண்டு மாதமாக யாரும் படுக்காத கட்டில். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. முதலில் இடுப்பு இருக்கும் இடம், பிறகு தோள். யாரோ வலியோடு, மெதுவாக, ஒருக்களித்துப் படுப்பது போல.

பிறகு கயிறுகள் நடுங்கத் தொடங்கின. சின்ன நடுக்கம். விடாத நடுக்கம்.

பரசுராமனுக்கு அந்த நடுக்கம் தெரியும். ரத்தம் போய்க்கொண்டிருந்தபோது அவள் அப்படித்தான் நடுங்கினாள். வீட்டிலிருந்த எல்லாவற்றையும் போட்டுப் போர்த்தினார்கள். கட்டிலுக்கடியில் கணப்பை வைத்தார்கள். "குளுருது" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் வீட்டு வழக்கம் எரிப்பதுதான். ஆனால் மழை. காய்ந்த விறகு இல்லை, இருந்த ஓரிடத்தில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "புதைச்சிடலாம்" என்றான். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வெட்டியவர்கள் வாளியால் இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஊறிற்று, கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே இறக்கினார்கள்.

கம்பி தெறிக்கும் சத்தம் கேட்டது. அவன் சட்டியைப் பார்க்கவில்லை. தரையில் மண்சட்டி உரசிக்கொண்டு போகும் ஓசையைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டான். பயமாக இருந்தது. பயத்தைவிட அசதி அதிகமாக இருந்தது.

மறுநாள் மாலை இன்னொரு சட்டி வாங்கினான்.

ஒன்றைத் தூளிக்குப் பக்கத்தில் வைத்தான். ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்தான். அந்த ராத்திரி எதுவும் அசையவில்லை. கயிறு முனகவில்லை. குழந்தையின் பாதம் காலையில் முதல்முறையாக மனிதப் பாதம் போல் இருந்தது. ஜானகியம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் புள்ள புள்ளயா கீது" என்றாள். அவனும் தூங்கினான். சில ராத்திரிகள் அப்படியே போயின. தூங்கி விழிக்கும் வேளையில், அறையில் மூன்று பேர் சூடாகப் படுத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அவனுக்கு வரும். அது அவ்வளவு கெட்ட எண்ணமாகத் தோன்றவில்லை.

ஆனால் உமி இருமடங்கு போயிற்று. சடையப்பன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். இனாமாக அள்ளிக்கொடுத்த உமிக்கு முதலாளி விலை வைத்துவிட்டதாக, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பாதிச் சம்பளம் பால்மாவுக்கும் வாடகைக்குமே போதவில்லை. பரசுராமன் பகலில் சோற்றை விட்டு டீ குடித்தான். பிறகு டீயையும் ஒருவேளையாக்கினான்.

ஒரு மாலை, கட்டிலுக்கடியில் வைக்க வேண்டிய சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"எனக்குக் கட்டுப்படியாகலை, குணா" என்றான். அவள் போன பிறகு அவள் பெயரை அவன் சொன்னது அப்போதுதான். "ஒண்ணுதான் முடியும். பாப்பாவுக்கு வேணும்."

சட்டியை மூலையில் கவிழ்த்து வைத்தான். கட்டிலின் கயிறுகள் அசையாமல் இருந்தன, கேட்டுக்கொண்டிருப்பது போல.

அன்றுதான் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். இருட்டுவதற்குள் காற்று திசை மாறிற்று. மழை சாய்வாக அடித்தது. மில் இருக்கும் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதால் உமி இல்லாமலேயே திரும்பியிருந்தான். வீட்டிலிருந்தது ஒரு முறம் அளவுதான். ஓட்டிடுக்குகளில் ஒழுகியது. திணித்த சாக்குகள் நனைந்து ஊறி, குளிரைத் தடுப்பதற்குப் பதில் குளிரையே கக்கின. முன்கட்டில் ஜானகியம்மாள் கதவுக்கு உள்ளிருந்தே கத்தினாள்: "நைனா! பாப்பா ஜாக்கிரதை!" அவளுக்கு மூச்சு இழுக்கும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. குழந்தையை நனைக்காமல் அங்கே கொண்டுபோக வழியில்லை, நடுவில் முற்றம் குளமாகிக் கிடந்தது.

முறத்து உமி தீர்ந்தது. செங்கற்கள் ஆறின. குழந்தை அழவில்லை. அதுதான் மோசம். உதட்டோரம் நீலமாகியிருந்தது.

அவன் கட்டிலைப் பார்த்தான்.

வேப்பமரம். நன்றாகக் காய்ந்தது. அறையில் காய்ந்திருந்த மரம் அது ஒன்றுதான்.

கயிற்றை அரிவாளால் அறுத்தான். ஒவ்வொரு கயிறு அறும்போதும் சுண்டிவிட்டது போல் ஒரு சத்தம் எழுந்தது. சட்டங்களைச் சுவரில் மோதி உடைத்தான். கால்களைப் பிளந்தான். ஜானகியம்மாள் சொன்னது நினைவில் வந்தது, போயிற்று. தூளிக்குப் பக்கத்திலிருந்த சட்டியில் சிம்புகளை அடுக்கிக் கடைசிக் கங்கை வைத்து ஊதினான். மரம் உடனே பிடித்துக்கொண்டது. கசந்த புகை, பிறகு மஞ்சளான, உயரமான, கூச்சமில்லாத நெருப்பு. மார்கழி முழுவதும் அந்த அறை அப்படி ஒரு சூட்டைக் கண்டதில்லை. சுவரில் ஈரம் ஆவியாயிற்று. குழந்தையின் உதட்டில் நிறம் வந்தது. அது வாயைத் திறந்து ஒரு சின்னக் கொட்டாவி விட்டது.

பரசுராமன் பாயில் உட்கார்ந்தான். முதுகு சுவரில் சாய்ந்தது. கண் மூடியது.

விழித்தபோது உத்தரம் முனகிக்கொண்டிருந்தது.

மழை நின்றபாடில்லை. நெருப்பு பாதியாகத் தாழ்ந்திருந்தது. கட்டில் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கே எதுவும் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான்.

உத்தரம் மறுபடி முனகிற்று.

தூளி தாழ்ந்திருந்தது.

முழங்கால் உயரத்தில் தொங்கும் தூளி. இப்போது அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேலை விறைத்து, நூல் நூலாகத் தெரியும்படி இழுபட்டிருந்தது. உள்ளே வளைந்த முதுகு. மடித்த முழங்கால்கள். ஆள் முழுசாக, சுருண்டு. துணியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சேற்றுத் தண்ணீர்.

உள்ளே சப்பும் சத்தம் கேட்டது. குழந்தை பால் குடிக்கும் சத்தம்.

அவன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று தெரியாது. தூளியின் மடிப்பை விலக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டான். குழந்தையின் தலை தட்டுப்பட்டது. உச்சி துடித்தது. சூடாக இருந்தது. இவ்வளவு சூடாக அது என்றுமே இருந்ததில்லை. அவன் விரல்கள் அந்தத் தலையின் கனத்தை உணர்ந்தன, மென்மையை உணர்ந்தன. இத்தனை நாள் வராதது வந்தது. தூக்கிவிட வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

தலையைச் சுற்றி அணைத்திருந்த கை ஒன்று அவன் விரல்களில் பட்டது.

அது குழந்தையை விடவில்லை. அவனைத் தள்ளவும் இல்லை. குளிர் மட்டும் ஏறிற்று. மணிக்கட்டு. முழங்கை. அவன் கையை உருவிக்கொண்டான்.

நெருப்பு தாழ்ந்தது.

சப்பும் சத்தம் நின்றது.

தூளி நடுங்கத் தொடங்கியது. சின்ன நடுக்கம். விடாத நடுக்கம். உள்ளே குழந்தை ஒருமுறை முனகிற்று. மறுபடி முனகிற்று, இன்னும் மெலிதாக. கட்டில் கால் ஒன்று மிச்சம் இருந்தது. அவன் அதை எடுத்து நெருப்பில் செருகினான். சுடர் எழுந்தது.

நடுக்கம் நின்றது. சப்பும் சத்தம் மறுபடி கேட்டது, நிதானமாக, திருப்தியாக.

தூளியின் மடிப்பு விலகியது. ஒரு பாதம் வெளியே வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த பாதம். இரண்டாம் விரலில் மெட்டி. அது நெருப்புக்கு மேலே நீண்டு நின்றது. விரல்கள் மெல்ல விரிந்தன.

கட்டில் கால் எரிந்துகொண்டே வந்தது. விடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியவில்லை. பரசுராமன் மண்டியிட்டு, தான் படுத்திருந்த பாயைக் கிழித்தான். ஒவ்வொரு கீற்றாக நெருப்பில் வைத்தான். அவசரப்படாமல் வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் அதிக நேரம் வரும்.

தூளிக்குள்ளிருந்து இரண்டாவது பாதம் வந்து, முதல் பாதத்தின் அருகே, நெருப்பை நோக்கி விரிந்தது.